பொதுத் திண்ணையில் வைத்த கோப்பு

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைதானும் சி.எஸ்.வி. கோப்புகளும் பற்றிய பாடத்தில், கோப்பைத் திறக்கும் முறைகளைச் சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. படிக்க ‘ஆர்’, எழுத ‘டபிள்யூ’, இறுதியில் சேர்க்க ‘ஏ’. இவற்றை விளக்குகிறோம், நிரல் எழுதிக் காட்டுகிறோம், பதிவேட்டில் எழுத வைக்கிறோம். இடையில் ‘எக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. கோப்பைப் புதிதாக மட்டுமே உருவாக்கு, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தோல்வி என்று அறிவி என்பது அதன் பொருள். பெரும்பாலும் அதை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

அந்த வரி எதற்காக இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பைதான் நம் பாடத்திட்டத்துக்குள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2013 டிசம்பரில், பொதட்டூர்பேட்டையில் ஒரு மாணவன் எனக்குக் காட்டிக் கொடுத்தான். காட்டிய விதம் அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் கணினியைச் சர்வராக வைத்து, மற்ற எட்டுக் கணினிகளிலிருந்தும் அதற்குள் நுழையும்படி அமைத்திருந்தேன். மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கோப்புறை. வாரத் தேர்வு மதிப்பெண்களைத் தொகுக்க ஒரு சிறு நிரல் எழுதி, தினமும் மாலை 4.30-க்குத் தானாக ஓடும்படி வைத்தேன். எல்லா மாணவர்களின் கோப்புறைகளையும் அது திறக்க வேண்டும் என்பதால் ‘ரூட்’ உரிமையில் ஓடவிட்டேன். லினக்ஸில் ரூட் என்றால் பீரோ, அறை, கேட் எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிரல் செய்த வேலை எளிது. மதிப்பெண்களைச் சேகரித்து, வரிசைப்படுத்தி, ‘டெம்ப்’ கோப்புறையில் ‘மார்க்_பட்டியல்’ என்ற தற்காலிகக் கோப்பில் எழுதும். அச்சுப்பொறிக்கு அனுப்பும். கடைசியில் அந்தக் கோப்பை அழித்துவிடும். அந்த நாளில் நான் பார்த்த எடுத்துக்காட்டு நிரல்கள் எல்லாமே டெம்ப்பில்தான் எழுதின. நானும் எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைப் பதிவேட்டு மதிப்பெண்கள் இருந்த என் சொந்தக் கோப்பைத் திறந்தேன். உள்ளே வேறு பட்டியல் இருந்தது. கோப்பின் பெயர் மாறவில்லை, இடமும் மாறவில்லை. ஆனால் நான் எழுதியது ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வாரத் தேர்வின் மதிப்பெண்கள் அழகாக வரிசைப்படுத்தப்பட்டு இருந்தன. என் நிரல் எழுதியது போலவே இருந்தது. என் நிரல்தான் எழுதியிருந்தது.

யாரென்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பாடவேளை முடிந்ததும் ஒருவன் கதவருகே வந்து நின்றான். “சார், உங்க மார்க் ஃபைல் போயிடுச்சா? நான் அப்படி ஆகும்னு நெனைக்கல சார்.”

அவன் அப்பா விசைத்தறித் தொழிலாளி. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயக்க அமைப்பு அது, முதல் பதிப்பு 2007-இல் வந்தது. மற்ற பிள்ளைகள் விண்டோஸில் படம் பார்த்துக்கொண்டிருக்க, இவன் பாஸுக்குள் போய் ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்த்திருக்கிறான்.

அவன் செய்தது இதுதான். மாலை நேரத்தில் டெம்ப் கோப்புறையில் ‘மார்க்_பட்டியல்’ என்று ஒரு கோப்பு சில நொடிகள் தோன்றி மறைவதைக் கவனித்திருக்கிறான். மறுநாள் நிரல் ஓடுவதற்கு முன்பே அதே பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை அங்கே வைத்துவிட்டான். குறியீட்டு இணைப்பு என்பது கோப்பு அல்ல, வேறொரு கோப்பின் முகவரி எழுதிய சீட்டு. சீட்டைத் திறந்து எழுதினால், எழுத்து போய்ச் சேருவது அந்த முகவரியில். முதல் நாள் சீட்டில் தன் சொந்தக் கோப்பின் முகவரியை எழுதினான். மதிப்பெண் பட்டியல் நேராக அவன் கோப்புறைக்கே போனது. ஒட்டுமுன் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். அடுத்த நாள், ‘என்னால் திறக்க முடியாத கோப்பின் முகவரியை எழுதினால் என்ன ஆகும்?’ என்று தோன்றியிருக்கிறது. என் கோப்பின் பெயர் அவனுக்குத் தெரியும், உள்ளே பார்க்க உரிமை கிடையாது. ஆனால் என் நிரலுக்கு எல்லா உரிமையும் உண்டே!

நிரல் தன் கடைசி வேலையாகச் சீட்டை அழித்தது. சீட்டை அழித்தால் சீட்டு மட்டும்தான் போகும், அது காட்டிய கோப்பு போகாது. ஆகவே தடயமும் மிஞ்சவில்லை.

டெம்ப் கோப்புறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினியில் உள்ள எல்லாப் பயனர்களும் எல்லா நிரல்களும் எழுதக்கூடிய பொதுத் திண்ணை அது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அதன் அனுமதி எண் 1777 என்று இருக்கும். முன்னால் நிற்கும் அந்த 1-க்கு ‘ஸ்டிக்கி பிட்’ என்று பெயர். இது இருப்பதால் டெம்ப் பாதுகாப்பானது என்று நான் நம்பியிருந்தேன். நீங்கள் வைத்த பிறகு அதை அடுத்தவர் அகற்றுவதை ஸ்டிக்கி பிட் தடுக்கும். நீங்கள் வைப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் இன்னொருவர் வைப்பதை அது தடுக்காது. என் கோப்பின் பெயர் தினமும் ஒன்றே, நேரமும் ஒன்றே. இதைவிட வசதியாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது.

ஆசிரியர் அறையில் விஷயம் பெரிதாகிவிட்டது. ‘ஹேக்கிங்’ என்ற சொல் வந்ததும் எல்லாருக்கும் கோபம். செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கக் கூடாது என்றார் ஒருவர். காவல் நிலையம் வரை பேச்சு போனது. அப்பாவை அழைத்து வரச் சொன்னோம். அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். நடந்ததை அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “தப்புதான் சார், இவன் பண்ணது. ஆனா எங்க தறிக் கொட்டாயில நூல் கட்டுல சீட்டு கட்டாம நடுவுல போட்டு வெச்சா, யாராவது கை வைக்கத்தான் செய்வாங்க. அப்ப ஓனரு எங்களையும் கேப்பாரு, வெச்சவனையும் கேப்பாரு.”

வைத்தவன் நான். அன்று இரவு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்தவர் கோப்பைத் தொட்டது அவன் தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகள் அனுமதியின்றிக் கணினித் தரவைச் சேதப்படுத்துவதைப் பற்றித்தான் பேசுகின்றன. அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் நாற்பது பேர் நுழையும் கணினியில், எல்லாச் சாவியும் கொண்ட ஒரு நிரலைக் கண்ணைக் கட்டி நடக்க விட்டவனுக்கு என்ன தண்டனை? தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “மார்க்கெல்லாம் பதிவேட்டுல இருக்குல்ல? ரெண்டு பேரும் உக்காந்து திருப்பி ஏத்துங்க” என்றார். இரண்டு மாலை ஆனது. அவன் வாசித்தான், நான் தட்டச்சு செய்தேன்.

அந்த இரண்டு மாலைகளில்தான் நிரலைத் திருத்தவும் செய்தோம். திருத்தம் எனக்கு எளிதாகத் தோன்றியது. எழுதுவதற்கு முன் ‘அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா?’ என்று சோதிக்க ஒரு வரி சேர்த்தேன். இருந்தால் நிறுத்து, இல்லாவிட்டால் எழுது. தனியாக ஒரு பழைய கணினியில் போட்டு, “இப்ப முடியுதா பாரு” என்றேன்.

அவன் வரிகளை விரலால் எண்ணினான். “சார், மேல செக் பண்றீங்க. அப்புறம் எல்லா ஃபோல்டரையும் படிக்கிறீங்க. அப்புறம்தான் எழுதுறீங்க. நடுவுல நேரம் இருக்கு சார்.”

சோதிக்கும் வரியை எழுதும் வரிக்கு நேர் மேலே கொண்டுவந்தேன். இடைவெளி நொடியில் மிகச் சிறு பகுதியாகக் குறைந்தது. அவன் இணைப்பை வைப்பதும் எடுப்பதுமாக இடைவிடாமல் சுழலும் நான்கு வரி நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டான். என் நிரலை மீண்டும் மீண்டும் இயக்கினோம். பல முறை அது ‘இருக்கிறது’ என்று நின்றது, பல முறை சரியாக எழுதியது. ஒரு முறை, சோதித்தபோது இல்லாதது எழுதும்போது இருந்தது. ஒரு முறை போதுமே.

அடுத்து, பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன என்று தோன்றியது. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு செயல் எண் உண்டு. அதைக் கோப்புப் பெயரோடு ஒட்டினேன். இதுவும் அந்தக் காலத்து நிரல்களில் பரவலாக இருந்த பழக்கம்தான். அவன் சிரித்துவிட்டான். செயல் எண்கள் வரிசையாக ஏறுபவை, அந்தக் கணினியில் 32,768-க்கு மேல் போகாதவை. இப்போது என்ன எண் ஓடுகிறது என்று யாரும் பார்க்கலாம். அதற்குப் பிறகு வரக்கூடிய சில நூறு எண்களுக்கும் முன்கூட்டியே சீட்டு வைத்துவிட்டால் போயிற்று.

எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாத செய்தி: நாங்கள் தடுமாறிய இந்த இடைவெளிக்குப் பெயரும் ஆய்வும் உண்டு. ‘சோதித்த நேரம் - பயன்படுத்திய நேரம்’ என்ற பொருளில் இவ்வகைப் பிழையைக் குறிப்பிடுகிறார்கள். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேட் பிஷப், மைக்கேல் டில்கர் ஆகியோர் 1996-இலேயே, இத்தகைய இடைவெளிகளை நிரல்களில் தேடிப் பிடிப்பது எப்படி என்று கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் 17 ஆண்டுகள் தாமதம்.

தாமதமானவன் நான் மட்டும் இல்லை என்பதில் சிறு ஆறுதல். பாஸுக்குத் தாயான டெபியனின் தொகுப்புகளை 2008 ஆகஸ்டில் ஒருவர் மொத்தமாகச் சலித்தபோது, இதே பழக்கம் கொண்ட நிரல்கள் நிறையச் சிக்கின. நம் பள்ளி அலுவலகங்களில் அதிகம் காணப்படும் எச்பி அச்சுப்பொறிகளுக்கான லினக்ஸ் மென்பொருள் எச்பிலிப். அதன் தொலைநகல் பகுதி, டெம்ப்பில் மாறாத ஒரே பெயரில் கோப்பை எழுதிவந்தது. அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் முன்கூட்டியே இணைப்பு வைத்து, தமக்கு உரிமையில்லாத கோப்பை அழித்தெழுத வைக்க முடியும் என்று தெரியவந்து, சிவிஇ-2011-2722 என்ற எண்ணில் பதிவானது. 3.11.10 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். அதே மென்பொருளின் வேறு பகுதிகளில் அதே வகைப் பிழை சிவிஇ-2013-0200 என்று மறுபடியும் பதிவானது. அனுபவமுள்ள நிரலாளர்கள் திருத்திய பிறகும் பக்கத்து அறையில் அதே பிழை இருந்திருக்கிறது. மாணவரிடம் இதைச் சொல்லும்போது, ‘பெரியவர்களும் தப்பு செய்வார்கள்’ என்பதைவிட, ஒரு பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறிவிடுகிறது என்பதையே நான் அழுத்திச் சொல்வேன்.

விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கும் பொதுவான டெம்ப் கோப்புறை உண்டு. ‘கிட் ஃபார் விண்டோஸ்’ மென்பொருளை நீக்கும் நிரல், உயர்ந்த ‘சிஸ்டம்’ உரிமையில் ஓடும்போது அந்தக் கோப்புறையில் கிடக்கும் டி.எல்.எல். கோப்புகளை எடுத்துப் பயன்படுத்திவிடும் என்பது 2022 ஏப்ரலில் வெளியானது. அங்கே சாதாரணப் பயனரும் கோப்பு வைக்கலாம். ஆக, அவர் வைத்த கோப்பு சிஸ்டம் உரிமையோடு ஓடும். எங்கள் மாணவன் வைத்தது எழுதும் இடத்தை மாற்றும் சீட்டு. இங்கே வைக்கப்படுவது ஓடும் நிரல். ஆபத்து இன்னும் பெரிது.

சரியான வழி எது என்று எங்களுக்கு மூன்றாவது மாலையில்தான் கிடைத்தது. ‘இருக்கிறதா?’ என்று கேட்பதும் ‘உருவாக்கு’ என்பதும் இரண்டு செயல்களாக இருக்கும்வரை நடுவில் ஒருவர் நுழையலாம். இரண்டையும் ஒரே கட்டளையாக இயக்க அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும்: இந்தப் பெயரில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, சீட்டு இருந்தாலும் ‘இருக்கிறது’ என்றே கொள், பின்தொடராதே. இயக்க அமைப்பு அதை இடைவெளியில்லாமல் செய்யும். லினக்ஸ் கட்டளை வரியில் ‘எம்கே டெம்ப்’ இதைத்தான் செய்கிறது. கூடவே யாரும் ஊகிக்க முடியாத எழுத்துகளைப் பெயரில் சேர்க்கும், உருவாக்கியவர் மட்டுமே படிக்கும்படி அனுமதியும் அமைக்கும். என் நிரலில் மாறியது ஒரே ஒரு வரி.

நம் பாடநூலின் ‘எக்ஸ்’ இதே கட்டளையின் பைதான் வடிவம். ‘கோப்பு இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் டபிள்யூ முறையில் திற’ என்று மாணவர் எழுதினால், பதில் தாளில் அது சரியாகவே தெரியும். தனிக் கணினியில் சரியாகவே ஓடும். பலர் பகிரும் கணினியில், உயர் உரிமையில் ஓடும்போதுதான் ஓட்டை. ‘எக்ஸ்’ முறையில் திறந்து, தோல்வி வந்தால் அதைப் பிடித்து வேறு பெயர் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இன்னும் நல்லது, பைதானின் ‘டெம்ப்ஃபைல்’ தொகுதியைப் பயன்படுத்துவது. அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ‘எம்கே டெம்ப்’ என்ற பெயரில் ஒரு செயற்கூறு அங்கேயும் இருக்கிறது. அது பெயரை மட்டும் கொடுக்கும், கோப்பை உருவாக்காது. பெயர் கிடைத்ததற்கும் நீங்கள் உருவாக்குவதற்கும் நடுவே அதே பழைய இடைவெளி! பைதான் 2.3 காலத்திலிருந்தே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘எம்கே எஸ் டெம்ப்’ என்பதுதான் கோப்பை உருவாக்கியே கையில் தருவது. கட்டளை வரியில் நல்லதாக இருக்கும் பெயர் பைதானில் கெட்டதாக இருப்பது மாணவரை நிச்சயம் குழப்பும், கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

இப்போதைய லினக்ஸில் எங்கள் மாணவன் செய்ததை அப்படியே செய்ய முயன்றால் பெரும்பாலும் நடக்காது. 2012-இல் வந்த 3.6 கருவகத்தில், பொதுத் திண்ணையில் அடுத்தவர் வைத்த குறியீட்டு இணைப்பைப் பின்தொடர மறுக்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. 2018-இல் வந்த 4.19, அடுத்தவர் முன்கூட்டியே வைத்த சாதாரணக் கோப்புக்கும் அத்தகைய தடையைக் கொண்டுவந்தது. எங்கள் சர்வரில் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. பல பள்ளிகளில் பழைய கணினிகள் இன்னும் ஓடுகின்றன. புதியவற்றிலும் இந்தப் பாதுகாப்பு டெம்ப் போன்ற ஸ்டிக்கி பிட் உள்ள கோப்புறைகளுக்கு மட்டுமே. எல்லாரும் எழுதலாம் என்று நாமே திறந்துவிட்ட ‘பொது’ கோப்புறைக்கு அது கிடையாது. அப்படி ஒரு கோப்புறை இல்லாத ஆய்வகத்தை நான் பார்த்ததில்லை.

கணினி இல்லாமலும் இதைச் சொல்லித்தரலாம். ஏழாம் வகுப்பில் நான் செய்துபார்த்த விளையாட்டு, இருபது நிமிடம் போதும். வகுப்பின் நடுவே ஒரு மேசை. ஓரத்தில் மூன்று அட்டைப் பெட்டிகள், உள்ளே பென்சிலால் எழுதிய தாள்கள். ஒரு மாணவர் ‘அதிகாரி’, பெட்டிகளைத் திறக்க அவருக்கு மட்டுமே உரிமை. மணி அடித்ததும் அவர் மேசைக்கு வந்து ‘பட்டியல்’ என்ற தாளில் எழுத வேண்டும். அங்கே ‘பெட்டி 3-ஐப் பார்’ என்று சீட்டு இருந்தால், அதன்படி போய் அந்தப் பெட்டியிலுள்ள தாளை அழித்துவிட்டு எழுத வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, ஏனென்றால் கணினி கேட்காது. முதல் சுற்றில் யாராவது சீட்டு வைத்துவிடுவார்கள், வகுப்பே சிரிக்கும். இரண்டாம் சுற்றில் அதிகாரி முதலில் மேசையைப் பார்க்கலாம். காலி என்றால் திரும்பிப் போய் பேனா எடுத்துவர வேண்டும். அந்த மூன்று எட்டுக்குள் சீட்டு வந்துவிடும். சோதித்த நேரமும் பயன்படுத்திய நேரமும் வேறு என்பது அந்த மூன்று எட்டில் புரிந்துவிடுகிறது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் சுற்றில் அதிகாரி பகடை உருட்டி, யாருக்கும் தெரியாத எண்ணைத் தன் தாளின் பெயராக எழுதி, தாளைக் கையிலேயே கொண்டுவந்து வைப்பார். அந்தப் பெயர் ஏற்கெனவே மேசையில் இருந்தால் மறுபடி உருட்டுவார்.

விளையாட்டுக்குப் பின் ஓட்டையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பேசுங்கள். முதலில் ஆசிரியரிடம் சொல்வது, அடுத்தவர் கோப்பில் சோதித்துப் பார்க்காமலிருப்பது. வெளியே விற்கப்படும் மென்பொருள் என்றால் அதைத் தெரிவிக்க 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது என்பதை மேல் வகுப்பு மாணவருக்குச் சொல்லலாம். எங்கள் மாணவனுக்கு இதை யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பில் மூன்றாம் சுற்று முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒரு மாணவி மேசையைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: “சார், எல்லாரும் ஏன் ஒரே டேபிள்ல வெக்கணும்? அதிகாரிக்குத் தனியா ஒரு டேபிள் குடுத்துட்டா?” லினக்ஸில் ‘சிஸ்டம்-டி’ வழியாக ஓடும் சேவைகளுக்கு, ‘பிரைவேட் டெம்ப்’ என்ற ஒரே அமைப்பை மாற்றி, அவரவருக்குத் தனி டெம்ப் கொடுத்துவிட முடியும். அவளுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. மறுநாள் அதிகாரியின் மேசையை அலமாரிக்குப் பின்னால் நகர்த்தி, நான்காவது சுற்று ஆடினோம்.